மனக்கலக்கத்திற்கு ஒரு வேர்: சர்ப்பகந்தியின் வரலாறு

பெங்களூரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிடையே ஒரு பேச்சு வழக்கு உண்டு. வீட்டில் ஒருவர் காரணமின்றிச் சீறி விழுந்தால், "இவரை நிம்ஹான்சில்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்" என்று மற்றவர் சொல்லிச் சிரிப்பர். ஆனால் உண்மையிலேயே ஒருவருக்கு மனம் கலங்கி, இரவெல்லாம் உறக்கமின்றி நெஞ்சு படபடத்து, உண்ணவும் உடுக்கவும் பிடிக்காமற்போகும் நாளில் அந்தப் பெயரை எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. அப்போது பேச்சு வேறாகிவிடுகிறது. "ஊரிலிருந்து ஒரு சூரணம் வருவித்திருக்கிறோம், முழுக்க முழுக்க மூலிகை, கெடுதல் ஒன்றும் செய்யாது" என்று அடுக்களைக் கதவுக்குப் பின்னே தணிந்த குரலில் கூறுவர்.

இவ்விரண்டு பேச்சுக்களுக்கும் இடையில் நெடியதொரு வரலாறு மறைந்து கிடக்கிறது. மூலிகை என்பது கெடுதல் செய்யாத பொருள் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை? பெரிய மருத்துவமனைக்கும் நாட்டு மருந்துக்கும் உறவே இல்லை என்ற எண்ணம் எவ்வளவு தூரம் சரி? இவற்றிற்கு விடை காண வேண்டுமாயின், நம் நாட்டுக் காடுகளில் முழங்கால் உயரத்திற்கு வளரும் ஒரு சிறு செடியின் கதையை அறிந்துகொள்ளுதல் வேண்டும். சென்ற நூற்றாண்டில் உலகத்து மனநோய் மருத்துவத்தின் போக்கையே திருப்பிவிட்ட செடி அது. அதன் பெயர் சர்ப்பகந்தி. தமிழில் சிவன் அமல்பொடி என்றும் வழங்குவதுண்டு.

முதலில் நம் நகரத்து மருத்துவமனையைப் பற்றிச் சில சொற்கள். மைசூர் நாடு ஆங்கில ஆணையாளர் ஆட்சியில் இருந்த காலத்தில், 1847-ஆம் ஆண்டில், சார்லஸ் இர்விங் ஸ்மித் என்ற மருத்துவர் பெங்களூரில் பித்தர் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். காப்பகம் என்ற பெயரே அக்காலத்து மனநிலையைக் காட்டும். குணப்படுத்துவதைக் காட்டிலும் காத்து வைப்பதே அன்றைய நோக்கம். 1925-இல் அதற்கு மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1937-இல் லக்கசந்திரா மேட்டில், ஓசூர்ச் சாலை ஓரமாக, மரஞ்செறிந்த பரந்த வளாகத்திற்கு அது குடிபெயர்ந்தது. பின்னர் டாக்டர் எம். வி. கோவிந்தசாமி அவர்களின் தலைமையில், 1954-இல், அகில இந்திய மனநல நிலையம் அங்கே தோன்றியது. மருத்துவமனையும் நிலையமும் 1974-இல் ஒன்றாயின. அவ்வாறு இணைந்ததே இன்று நாம் அறியும் நிம்ஹான்ஸ். 2012-இல் அது தேசிய முதன்மை வாய்ந்த நிறுவனம் என்ற தகுதி பெற்றது. அவ்வளாகத்தில் ஆயுர்வேத ஆராய்ச்சியும் யோகப் பயிற்சியும் மேனாட்டு மருத்துவத்தோடு ஒரே கூரையின்கீழ் நடந்து வருகின்றன என்பதைப் பலர் அறியார். மூலிகைக்கு அஞ்சி ஒளிய வேண்டிய இடம் அன்று அது.

நம் முன்னோர் மனநோயை அறியாதவர் அல்லர். சித்த மருத்துவத்தில் அதற்குக் கிரிகை என்று பெயர். அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் அறுபத்து நான்கு என்னும் சுவடி அதனைப் பதினெட்டு வகையாகப் பிரித்துக் கூறுகிறது. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் நிலைகுலைவே மனத்தின் நிலைகுலைவுக்கும் அடிப்படை என்பது அவர்கள் கொள்கை. உடல் வேறு, மனம் வேறு என்று அவர்கள் சுவர் எழுப்பவில்லை. எண்ணெய் முழுக்கு, மூக்கில் இடும் நசியம், நெய்யிலே காய்ச்சிய மூலிகைகள், உணவில் பத்தியம் எனப் பலவற்றைச் சேர்த்தே அவர்கள் மருத்துவம் செய்தனர். இதனைப் பெருமைக்காகச் சொல்கின்றோம் என்று அன்பர்கள் எண்ண வேண்டா. நோய் என்று கண்டு மருந்து தேடினார்கள், நோயாளியைப் பழிக்கவில்லை என்பதே ஈண்டு நாம் குறிப்பிட விரும்புவது. பேய் என்றும் பாவம் என்றும் சொல்லி அடித்து ஓட்டிய வழக்கமும் அதே நாட்டில், அதே காலத்தில் இருந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது.

இனிச் சர்ப்பகந்திக்கு வருவோம். இரண்டு, மூன்று அடிக்கு மேல் வளராத செடி. இலைகள் கணுவுக்கு மூன்று நான்காக வட்டமிட்டு நிற்கும். பூ வெண்மை, பூக்காம்பு நல்ல சிவப்பு, காய் பழுக்கும்போது கருநிறம் கொள்ளும். இமயத்தின் அடிவாரம் தொட்டு மேற்குத் தொடர்ச்சி மலை வரையிலும், இலங்கையிலும், பர்மாவிலும், சாவகத்திலும் அது வளர்கிறது. மருந்தாவது அதன் வேர். நெளிந்து வளைந்து, கடுங் கசப்புடையது. பாம்புக் கடிக்கு அது முறிவு என்று மக்கள் நம்பினர். அந்நம்பிக்கைக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் பீகாரில் அவ்வேருக்கு மற்றொரு பெயர் வழங்கியது. "பாகல் கீ தவா", அதாவது பைத்தியத்திற்கு மருந்து என்பது. அங்கே சந்தைகளில் அவ்வேர் விற்கப்பட்டது. அழுகின்ற குழந்தைகளை உறங்க வைப்பதற்குக் கூடத் தாய்மார் அதனைக் கொடுத்தனராம். இன்று நினைத்தால் உள்ளம் நடுங்குகிறது.

ஐரோப்பியர் இச்செடிக்கு இட்ட பெயர் இரௌவுல்ஃபியா. லியோனார்டு இரௌவுல்ஃப் என்பவர் பதினாறாம் நூற்றாண்டில் செருமனியின் ஆக்சுபர்க் நகரில் வாழ்ந்த மருத்துவர். மூலிகை தேடி மேற்காசிய நாடுகளில் அலைந்தவர். அவர் நினைவாகப் பிரெஞ்சு நாட்டுத் தாவர அறிஞர் பிளூமியே 1703-இல் அப்பெயரை வழங்கினார். பீகாரத்துக் கிழவியின் முந்தானையில் முடிந்திருந்த வேர், தன் வாழ்நாளில் அதனைக் கண்டிராத ஒரு செருமானியர் பெயரால் உலகெங்கும் அறியப்படலாயிற்று! பெயர் சூட்டும் உரிமை எப்போதும் எழுதி வைப்பவனுக்கே கிடைக்கிறது.

எழுதி வைப்பதில் நம்மவரும் பிற்படவில்லை என்பதை 1931-ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டில் இரண்டு நகரங்களில் இரண்டு செயல்கள் நிகழ்ந்தன. கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும், சர்ப்பகந்தி வேர் பித்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்தாகும் என்று தாங்கள் நோயாளிகளிடம் கண்டதை ஓர் இந்திய மருத்துவ இதழில் வெளியிட்டனர். தில்லித் திப்பியாக் கல்லூரியில் சலீமுசமான் சித்திக்கியும் இரஃபத் உசேன் சித்திக்கியும் அவ்வேரிலிருந்து பல வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர். திப்பியாக் கல்லூரி ஹக்கீம் அஜ்மல் கான் நிறுவியது. 1921-இல் காந்தியடிகள் திறந்து வைத்தது. யூனானி மருத்துவத்தைப் புதிய அறிவியலின் துணைகொண்டு ஆராய வேண்டும் என்று கனவு கண்ட பெரியார் அஜ்மல் கான். அவர் 1927-இல் மறைந்தார். நான்காண்டு கழித்து வேரில் கண்ட பொருள்களுக்குப் பெயரிடும் வேளை வந்தபோது, சித்திக்கி மறைந்த புரவலரை மறக்கவில்லை. அஜ்மலின், அஜ்மலிசின் என்று பெயரிட்டார். அஜ்மலின் இன்றும் இதயத் துடிப்பின் கோளாறு ஒன்றைக் கண்டறியும் சோதனையில் மருத்துவர் கையாளும் பொருளாக இருக்கிறது. நன்றி மறவாமைக்கு இதனினும் நீடித்த நினைவுச் சின்னம் வேறு யாது வேண்டும்? சித்திக்கி 1951-இல் பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டு அறிவியலை வளர்த்தார். பெயர் மட்டும் எல்லை பாராமல் எல்லா மருந்து நூல்களிலும் நிற்கிறது.

அடுத்த இருபது ஆண்டுகள் இந்திய மருத்துவர்கள் இவ்வேரைக் கைவிடவில்லை. கல்கத்தாவில் சோப்ரா குழுவினர் அதனை ஆராய்ந்தனர். பம்பாயில் இரத்தக் கொதிப்பு நோயாளர் ஐம்பதின்மருக்கு அதனைக் கொடுத்துப் பார்த்த டாக்டர் இரஸ்தம் ஜால் வக்கீல், 1949-இல் பிரிட்டானிய இதய நோய் இதழில் தம் கட்டுரையை வெளியிட்டார். அதன் பின்னரே மேனாட்டார் விழித்தனர். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துச் சீபா மருந்து நிறுவனத்தார் 1952-இல் அவ்வேரின் முதன்மையான சாரத்தைத் தனியே பிரித்து ரெசர்பின் என்று பெயரிட்டனர். செர்பாசில் என்ற மாத்திரையாக அது கடைக்கு வந்தது. வேராக இருந்தபோது கவனியாதவர்கள் மாத்திரையானதும் வரிசையில் நின்றனர்.

1953-இல் அகமதாபாத்து மருத்துவர் ஹக்கீம் என்பவர், மனநோய்க்கு நாட்டு மருந்துகள் என்பது பற்றிக் கட்டுரை ஒன்று படித்தார். அச்செய்தி நியூயார்க் நாளேடொன்றில் வெளியாயிற்று. அதனைக் கண்ட நேதன் கிளைன் என்ற மனநோய் மருத்துவர், நியூயார்க் மாநிலத்தில் இராக்லாண்டு மருத்துவமனையில் தம் நோயாளிகளுக்குச் சர்ப்பகந்தியைக் கொடுத்துப் பார்த்து, 1954-இல் பயனை வெளியிட்டார். கூச்சலும் அடிதடியும் நிறைந்திருந்த அறைகள் அமைதியுற்றன. அம்மருத்துவமனையில் உடைந்த சாளரக் கண்ணாடிகளை மாற்றும் தொழிலாளிக்கு வேலை குறைந்துபோனதே முதல் அறிகுறியாக இருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். ஆராய்ச்சியாளரின் அட்டவணையைவிடக் கண்ணாடிக்காரன் கணக்கு நமக்கு நன்றாக விளங்குகிறது. 1957-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற இலாஸ்கர் பரிசு கிளைனுக்கும் வழங்கப்பட்டது. பம்பாய் வக்கீலுக்கும் வழங்கப்பட்டது.

இந்த இடத்தில் கதையை நிறுத்திக்கொண்டால் மலருக்கு ஏற்ற இனிய கட்டுரை ஆகிவிடும். நம் நாட்டு வேர், உலகம் வியந்தது, வாழ்க பாரதம் என்று முடித்துக் கைதட்டல் பெறலாம். உண்மை அங்கே நிற்கவில்லை.

இரத்தக் கொதிப்புக்காக ரெசர்பினை நெடுநாள், பெரிய அளவில் உண்டவருள் சிலர் வேறொரு நோய்க்கு ஆளாயினர். காரணம் தெரியாத துயரம்; எதிலும் நாட்டமின்மை; விடியற்காலையில் விழிப்பு; வாழ்ந்து என்ன பயன் என்னும் எண்ணம். 1954-இலேயே அமெரிக்க மருத்துவர் ஃபிரைஸ் இதனை எழுதி எச்சரித்தார். கலக்கத்தை அடக்கிய அதே வேர் சோர்வை உண்டாக்குகிறது என்ற செய்தி பரவலாயிற்று. எதிர்ச்சான்றும் இல்லாமற் போகவில்லை. 1955-இல் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் டேவிசும் செப்பர்டும், பதற்றமும் சோர்வும் உடைய நோயாளிகளுள் ஒரு சாராருக்கு ரெசர்பினும், மற்றொரு சாராருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டனர். ரெசர்பின் உண்டவரே தேறினர். பிற்காலத்தில், 1971-இல், பழைய நோயாளர் குறிப்புகளை மீண்டும் அலசிய ஆராய்ச்சியாளர், உண்மையான மனச்சோர்வு நோய் என்று சொல்லத்தக்கது நூற்றில் ஆறு பேரளவிலேயே நேர்ந்தது என்றும், அவருள்ளும் முன்னரே அந்நோய் கண்டிருந்தவரே மிகுதி என்றும் காட்டினர்.

ஆகவே, ஒரே வேர் சிலருக்கு அமைதி தந்தது, சிலரை இருளில் தள்ளியது. எவரை என்பது அவரவர் உடல்நிலையையும் உண்ட அளவையும் பொறுத்தது. முன்னமே மனச்சோர்வு கண்டவர் அதனை உண்ணலாகாது என்பது இன்று மருத்துவ நூல்களின் தெளிந்த விதி. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்போருக்கு ரெசர்பின் தரும் விடை இது. நோயைத் தீர்க்கும் ஆற்றல் ஒரு பொருளுக்கு இருக்குமாயின், தீங்கு செய்யும் ஆற்றலும் அதற்கு இருக்கும். தீங்கே செய்யாத பொருள் பெரும்பாலும் நன்மையும் செய்யாது.

இவ்விருமுகத் தன்மையிலிருந்தே புதிய அறிவு ஒன்று பிறந்தது என்பது வரலாற்றின் விந்தை. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது சில வேதிப்பொருள்களின் வாயிலாக. அவை நரம்பு முனையில் சிறு சிறு பைகளில் சேமிக்கப்பட்டிருக்கும். ரெசர்பின் அப்பைகளில் சேமிப்பு நடவாதபடி தடுத்துவிடுகிறது, களஞ்சியம் காலியாகிறது. 1955-இல் அமெரிக்காவில் பிராடி குழுவினர் செரட்டோனின் என்ற பொருள் இவ்வாறு வெளியேறுவதைக் கண்டனர். சுவீடன் நாட்டு ஆர்வித் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்து அவை அசைவற்று அடங்கக் கண்டார்; டோபா என்ற பொருளை ஊசி வழியே செலுத்தியதும் அவை மீண்டும் எழுந்து ஓடின. மூளையில் டோபமின் என்பதன் தொழிலை உலகம் அறிந்தது அவ்வாறே. நடுக்குவாத நோய்க்கு மருந்து கிடைத்ததும் அவ்வழியே. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. மனச்சோர்வுக்கென்று பின்னர் வந்த புதிய மருந்துகளையும், முதலில் ரெசர்பினால் சோர்வுற்ற எலிகளுக்குக் கொடுத்தே சோதித்துப் பார்த்தார்கள். இன்று நம் காலனியில் ஒருவர் மனச்சோர்வுக்கு மாத்திரை உண்கிறார் என்றால், அம்மாத்திரையின் கொடிவழியில் எங்கோ ஒரு மூலையில் சர்ப்பகந்தி வேர் இருக்கிறது. "இங்கிலீஷ் மருந்து வேண்டா, நாட்டு மருந்தே போதும்" என்று வாதிடுவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

செடியின் கதியையும் சொல்லிவிடுவோம். உலகெங்கும் தேவை பெருகவே, காடுகளில் வேரோடு பிடுங்கினார்கள். வேருக்காகக் கொல்லப்படும் செடி மீண்டும் தழைப்பதெப்படி? இந்திய அரசாங்கம் வேரின் ஏற்றுமதியைத் தடுத்தது; மேனாட்டு நிறுவனங்கள் ஆப்பிரிக்காவில் வளரும் அதன் இனச்செடியை நாடிச் சென்றன. அழியும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தில் 1990-இல் சர்ப்பகந்தியும் சேர்க்கப்பட்டது. மன மருத்துவத்தில் ரெசர்பினின் அரசு நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1952-இல் பாரிசில் தோன்றிய குளோர்புரோமசின் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சர்ப்பகந்தி இருக்கட்டும், நம் வீடுகளில் வழங்கும் மற்ற மூலிகைகள் எப்படி என்று கேட்பீர்கள். இங்கே பெங்களூரில் ஒரு பெயர்க் குழப்பத்தை முதலில் சுட்டிக்காட்ட வேண்டும். நாம் வல்லாரை என்பதைக் கன்னடத்து அன்பர்கள் ஒந்தெலகம் என்பர். அதனைத் தம்புளியாகவும் துவையலாகவும் அரைத்து உண்பர். பிராமி என்றும் அதனையே அழைப்பர். நம் மருத்துவர் பிரமி என்று சொல்வதோ நீர்ப்பிரமியை. அது வேறு இனம், வேறு குடும்பம். ஊர் வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சிக்கப்பேட்டையில் கிரந்திகெ அங்கடி என்னும் நாட்டு மருந்துக் கடையில் நீட்டினால், எது கைக்கு வரும் என்பது கடைக்காரர் பிறந்த ஊரைப் பொறுத்தது. இரண்டும் உணவாகும்போது நல்லவையே. மருந்தாகும்போது எது என்று அறிந்து உண்ணல் வேண்டும்.

அமுக்கரா பற்றி அண்மையில் பெரும் பேச்சு. மனப் பதற்றத்தைச் சிறிதளவு தணிக்கிறது என்று சில சிறிய ஆய்வுகள் கூறுவது மெய்யே. கல்லீரல் பழுதுபட்ட நோயாளர் செய்திகளும் உண்டு. டென்மார்க் அரசாங்கம் 2023-இல் அதனை உணவுப் பொருள்களில் தடை செய்தது. தைராய்டு நோய்க்கு மாத்திரை உண்போரும் கருவுற்ற பெண்டிரும் தாமாக அதனைத் தொடலாகாது. செருமனியில் மனச்சோர்வுக்குப் பெயர்போன புனித யோவான் பூண்டு என்ற மூலிகை, மிதமான சோர்வில் பயன் தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அது மற்ற மருந்துகளின் வலிமையைக் குறைத்துவிடும். இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மருந்தும், கருத்தடை மாத்திரையும் அதனால் பயனிழக்கக்கூடும். பெயரில்லாப் பொட்டலங்களைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கடைகளில் விற்ற நம் நாட்டு மருந்துகள் எழுபதைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பதினான்கில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகிய நச்சுப் பொருள்கள் காணப்பட்டன. ஐந்தில் ஒன்று! முறைப்படி கற்றுத் தேர்ந்த சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் செல்வது வேறு. ஊருக்குப் போய் வந்தவர் கொண்டுவந்த பொட்டலத்தைப் பங்கிட்டுக்கொள்வது வேறு.

மருந்தே இல்லாத இயற்கை முறைகளையும் நம் நகரத்து மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். மூச்சுப் பயிற்சி பற்றிய ஓர் ஆய்வு 2000-இல் நிம்ஹான்சிலிருந்து வெளிவந்தது. கடும் மனச்சோர்வு கொண்ட நாற்பத்தைந்து பேரைப் பதினைவராக மூன்று கூட்டமாக்கி, ஒரு கூட்டத்தாருக்கு மின்னதிர்ச்சி மருத்துவமும், ஒரு கூட்டத்தாருக்கு இமிப்ரமின் மாத்திரையும், ஒரு கூட்டத்தாருக்கு சுதர்சனக் கிரியை என்னும் மூச்சுப் பயிற்சியும் அளித்தனர். நான்கு வாரங்களின் முடிவில் குணமடைந்தவர் முறையே நூற்றுக்கு 93, 73, 67. மூச்சுப் பயிற்சி மாத்திரைக்கு ஏறத்தாழ நிகராக நின்றது வியப்பே. ஆயினும் மின்னதிர்ச்சி முன்னின்றது என்பதையும் மறைக்கலாகாது. ஆட்கள் தொகை சிறிது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அன்றியும் அவர்கள் மூச்சுப் பயின்றது மருத்துவரின் கண்காணிப்பில், மருத்துவமனையிலேயே.

இதனினும் நம் நெஞ்சைத் தொடுவது மற்றோர் ஆய்வு. நிம்ஹான்சைச் சேர்ந்த டாக்டர் இரகுராமும் அவர்தம் கூட்டத்தாரும் 2000-ஆம் ஆண்டில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு நம் தமிழ்நாட்டிற்கே வந்தனர். திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயில் என்று ஒன்று உண்டு. மனங்கலங்கியவர்களை உறவினர் அங்கே அழைத்து வந்து சில வாரங்கள் தங்க வைப்பர். அங்கே சங்கிலி இல்லை, அடி இல்லை, பேயோட்டும் சடங்கும் இல்லை. விடியலில் வழிபாடு, பின்னர்க் கோயிலைக் கூட்டுதல், செடிகளுக்கு நீர் ஊற்றுதல் முதலிய சிறு வேலைகள், உறவினர் ஒருவர் எப்போதும் உடனிருப்பார். அவ்வளவே. மருத்துவர்கள் மூன்று மாதங்களில் அங்கு வந்து தங்கிய முப்பத்தொருவரை, வந்த நாளிலும் திரும்பும் நாளிலும் நோயின் கடுமையை அளக்கும் கோல்கொண்டு அளந்தனர். தங்கிய காலம் சராசரி ஆறு வாரங்களை ஒட்டியது. நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2002-இல் பிரிட்டானிய மருத்துவ இதழில் இதனை வெளியிட்ட அவர்கள், பயன் விளைந்தது கோயிலின் சடங்கு எதனாலும் என்று கூறவில்லை. அச்சமூட்டாத, ஆதரவான சூழலும் மனத்திற்கு நம்பிக்கை தரும் இடமுமே காரணமாகலாம் என்று கருதினர்.

அதே ஆண்டுகளில் அதே தமிழ்நாட்டில் மற்றொரு காட்சி. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய மனநோயாளர் கொட்டகைகள் பல இருந்தன. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அவற்றுள் ஒன்று தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். இருபத்தெண்மர் இறந்தனர். சமயமும் மருந்தும் இவ்விரண்டு இடங்களிலும் வேறுபடக் காரணமில்லை. ஓரிடத்தில் மகனோடு தாய் தங்கினாள். மற்றோரிடத்தில் மகனைப் பிணித்துவிட்டுக் குடும்பம் திரும்பிவிட்டது. திரும்பிய குடும்பங்களைப் பழித்து எழுத நமக்கு மனம் வரவில்லை. வறுமையும், அறியாமையும், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிய அச்சமுமே அவர்களை அங்கே செலுத்தின. அந்நிகழ்ச்சிக்குப் பின்னர் அத்தகைய கொட்டகைகள் மூடப்பட்டன. மனநோயாளரைச் சங்கிலியால் பிணிப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் முற்றிலும் விலக்கியிருக்கிறது.

உறவினர் உடனிருத்தலையே மருந்தாகக் கொண்ட முயற்சி நம் நாட்டு மருத்துவமனைகளுக்குப் புதிதன்று. 1950-களிலேயே அமிர்தசரசில் டாக்டர் வித்தியாசாகர், நோயாளரின் குடும்பத்தார் மருத்துவமனை வளாகத்தில் கூடாரமிட்டு உடன் தங்குமாறு செய்தார். பெங்களூர் மருத்துவமனையிலும் குடும்பத்தோடு தங்கும் பிரிவுகள் ஏற்பட்டன. மேனாட்டார் நோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்து மருத்துவம் செய்த காலத்தில் நம்மவர் கண்ட வழி இது.

நம்மைப் போன்று ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊரில் திண்ணை உண்டு, சித்தப்பா உண்டு, காரணம் கேளாமலே வந்து உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுக்கும் பெரியம்மா உண்டு. காலனிக் குடியிருப்பில் கதவைச் சாத்தினால் நான்கு சுவர். ஆலை வேலையும் தொழிற்சாலை வேலையும் தேடி வந்த தலைமுறைக்குப் பக்கத்து வீட்டாரே உறவினர். கணினித் தொழிலுக்கு வந்த தலைமுறைக்குப் பக்கத்து வீட்டார் பெயரே தெரியாது. பிள்ளை வீட்டில் தங்க ஊரிலிருந்து வந்த முதியவருக்கு மொழியும் தெரியாது, வழியும் தெரியாது. நிம்ஹான்ஸ் 2015-16-இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வளர்ந்தவருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறை உடையவர்; மனச்சோர்வு உடையவருள் நூற்றுக்கு எண்பத்தைவர் மருத்துவம் பெறாதவர். அந்த எண்பத்தைவருள் எத்தனை பேர் வீட்டு அலமாரியில் பெயரில்லாப் பொட்டலம் இருக்கிறது என்பதை எந்தக் கணக்கெடுப்பும் கேட்டதில்லை.

நம் சங்கத்து மகளிர் சிலர், தனித்திருக்கும் முதியோர் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை சென்று பேசிவிட்டு வரலாம் என்று கருதுகின்றனர். முத்துசாமி கோயிலில் நடந்ததும் ஏறத்தாழ அதுவே. ஆனால் உறக்கமும் உணவும் இரு வாரங்களுக்கு மேல் கெட்டிருப்பினும், இறந்துவிட்டால் நன்று என்ற சொல் ஒரு முறையேனும் வாயில் வந்திருப்பினும், பேச்சோடு நிறுத்தலாகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். உண்ணும் சூரணத்தின் பெயரையும் அளவையும் அம்மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கூடுமானால் பொட்டலத்தையே எடுத்துச் செல்லுதல் நன்று. ஓசூர்ச் சாலை வரை செல்லத் தயங்குவோருக்கு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசாங்கத் தொலைபேசி உதவி இருக்கிறது. நிம்ஹான்சே அதன் தலைமை மையம். எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.